இருக்கிற வாத்தியத்தோடே ஒரு சங்கீதம் பாடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் கல்முனை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வேதாகமத்துச் சங்கீதங்களைப் பெரிய பாடகர் குழாம், ஓர்கெஸ்ட்ரா என்று வைத்துப் பாடுவது வெள்ளைக்காரனின் கச்சேரிப் பழக்கம், அதில் ஆராதனை ஒன்றும் இல்லை, எங்கள் ஆலயங்களுக்கு ஒரு கீபோர்ட்டும் நல்ல சவுண்ட் சிஸ்டமும் போதும் என்பது அவருடைய கட்சி. இதில் பாதியை நானும் ஒத்துக்கொள்வேன். நத்தார் வந்தால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பாடுகிறவருக்கும் விளங்காமல் கேட்கிறவருக்கும் விளங்காமல் லத்தீனில் நாலு வரி பாடி, அன்று இரவே அதை முகநூலில் போட்டு லைக் எண்ணுகிற வேலை எனக்கும் பிடிக்காது. மற்றப் பாதிதான் சரியில்லை, அதைப் பேசாமல் விடவும் மனம் வரவில்லை. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கீபோர்ட் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்கவேண்டாம்.

முதலில் இந்தக் கச்சேரிக் கதை. அல்லேகிரி என்ற இத்தாலியப் பாதிரியார் 1630களில் 51ஆம் சங்கீதத்துக்கு இசை அமைத்தது மண்டபம் எடுத்து டிக்கெட் விற்பதற்கல்ல. பெரிய வாரத்தில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில், மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகிற அந்த வழிபாட்டுக்குத்தான். வாத்தியமே கிடையாது. ஐந்து குரல் பிரிவுள்ள ஒரு குழுவும் நாலு குரல் பிரிவுள்ள இன்னொரு குழுவும் மாறி மாறிப் பாட, இடையில் வெறும் ஓதல் வரும். 1770இல் பதினாலு வயது மொசார்ட் அதைக் கேட்டுவிட்டு வந்து நினைவிலிருந்தே எழுதிவைத்த கதையைத் தகப்பன் வீட்டுக்குப் போட்ட கடிதத்தில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். மொன்டெவேர்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளர் 1610இல் அச்சிட்ட மாலைப் புகழ், அதாவது மாலை நேர வழிபாட்டு, இசைக்குள் ஐந்து சங்கீதங்கள் இருக்கின்றன, அதுவும் வழிபாட்டுப் பாட்டுத்தான். (யூடியூப்பில் தேடப்போகிறவர்களுக்கு ஒன்று: பழைய லத்தீன் வேதாகமத்தில் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், எங்கள் 51 அங்கே 50 என்று கிடக்கும், பாட்டு மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். நான் இங்கே எழுதுவதெல்லாம் எங்கள் வேதாகமத்து எண்.)

அதோடு 150ஆம் சங்கீதத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று சங்கீதக்காரனே வாத்தியங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு கல்முனையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆராதனைக்கு இத்தனை வாத்தியம் எதற்கு என்று கேட்டது எனக்குக் கொஞ்சம் பகிடியாகத்தான் இருந்தது.

இனி கீபோர்ட். கிட்டடியில் ஒரு ஆலயத்தில், பெயர் வேண்டாம், தவக்காலத்தில் இதே 51ஆம் சங்கீதத்தைப் பாடினார்கள். 'தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்' என்று தொடங்குகிற சங்கீதம். கீபோர்ட் தம்பி ஸ்டைல் பட்டனை அமத்தினான், ட்ரம்ஸ் தொடங்கியது, அதற்குப் பிறகு பாட்டின் வேகத்தில் அங்கே இருந்த எந்த மனுசனுக்கும் ஒரு அதிகாரமும் இல்லை. வரி முடிந்து மூச்செடுக்கப் பார்த்த அம்மாமாரை அது பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் அரை வரி விட்டுப் பிடித்து, திரும்ப விட்டுப் பிடித்து, கடைசியில் எண்டிங் பட்டனுக்கு ட்ரம்ஸ் ஒரு உருட்டு உருட்டி முடித்ததும் பின்வாங்கில் இருந்த பெடியள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கீபோர்ட் தம்பி நல்ல கெட்டிக்காரன், அவனில் பிழை சொல்லமாட்டேன். அவனுக்கு வேறு வழியை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிழை எங்கே என்றால், சங்கீதம் அந்த மாதிரி அடித்துக்கொண்டு ஓடுகிற பாட்டு இல்லை. அதன் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதி. முதற் பாதி ஒன்றைச் சொல்லும், இரண்டாம் பாதி அதையே வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும், சில வேளை எதிர்த்துச் சொல்லும். நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. துறவிகள் மடத்தில் ஓதும்போது அந்த நிறுத்தத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்செடுப்பார்கள், அங்கிலிக்கன் ஆலயங்களில் ஒரே சுரத்தில் பல சொற்களை ஓதிப் பிறகு சுரம் மாறுகிற முறையிலும் அதே நிறுத்தம் நடுவில் இருக்கும். வரி நீண்டால் ஓதல் நீளும், குறுகினால் குறுகும். இதை விளங்கிக்கொண்ட இசையமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் இந்தப் 'பெரிய கொயர்' விசயம் பகட்டுக்காக வந்ததல்ல என்று தெரியும். இரண்டு குழு மாறி மாறிப் பாடுவதே அந்த இரண்டு பாதிக்குப் பொருந்துகிற ஏற்பாடு.

கல்முனை வாசகர் இதை ஒரு சபையின், ஒரு நாட்டின் சொத்து மாதிரி எழுதியிருந்தார். உண்மையில் வேலிகளைச் சங்கீதம் மாதிரித் தாண்டின பாட்டு வேறு இல்லை. ஹேன்டல் லூத்தரன் சபைக்காரர். 1707இல், இருபத்திரண்டு வயதில், உரோமில் இருந்துகொண்டு கத்தோலிக்க மாலைப் புகழில் வரும் 110ஆம் சங்கீதத்துக்கு இசை அமைத்தார், இன்றைக்கும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிற கொயர் குறைவு. சூபேர்ட் கத்தோலிக்கர், சாகிற வருடமான 1828இல் வியன்னா யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு 92ஆம் சங்கீதத்தை எபிரேயத்திலேயே அமைத்துக்கொடுத்தார். மென்டெல்சோன் யூதக் குடும்பத்தில் பிறந்து புரட்டஸ்தாந்தராக வளர்ந்தவர். 42ஆம் சங்கீதத்தை, 'மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல' என்ற அதைத்தான், 1837இல் கலியாணம் முடித்துத் தேனிலவு போன இடத்தில் எழுதத் தொடங்கினார். அதில் இரண்டாவது பகுதியில் ஒரு சொப்ரானோவும், அதுதான் உயர்ந்த பெண் குரல், ஓபோ என்ற ஊதுகுழலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகிற இடம் இருக்கிறது, அது வடிவு. ஸ்ட்ராவின்ஸ்கி ருஷ்ய ஓர்த்தொடக்ஸ்காரர், எடுத்தது கத்தோலிக்கரின் லத்தீன் வசனம். பேர்ன்ஸ்டைன் யூதர், அவரிடம் 'சிச்செஸ்டர் சங்கீதங்கள்' என்ற படைப்பைக் கேட்டு வாங்கியது இங்கிலாந்தின் சிச்செஸ்டர் என்ற அங்கிலிக்கன் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, 1965இல். இவ்வளவும் நடந்த பிறகு புளியந்தீவில் ஒரு மணிச் சத்தத்துக்குள் இருக்கிற கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் பாடகர் குழாம்கள் நத்தாருக்கு நத்தார் கூட ஒன்றாக நின்று பாடுவது அரிதாக இருப்பதை என்னவென்று சொல்ல.

'ஓர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது' என்று அவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் முழு ஓர்கெஸ்ட்ரா வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்ட்ராவின்ஸ்கி 1930இல் பொஸ்டன் ஓர்கெஸ்ட்ராவின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்காக எழுதிய சங்கீதங்களின் சிம்பொனியில் வயலின் ஒன்றுகூட இல்லை. வயோலா இல்லை, கிளாரினெட்டும் இல்லை. புல்லாங்குழல், ஓபோ, பசூன், பித்தளை வாத்தியங்கள், டிம்பனி, பேஸ் ட்ரம், ஹார்ப், இரண்டு பியானோ, கீழ்க்குரலுக்குச் செல்லோவும் டபுள் பேஸும், அவ்வளவுதான் வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் ஒரே ஒரு கோர்ட், பல சுரங்கள் ஒன்றாக, வெட்டினால்போல, பிறகு ஓபோவும் பசூனும் ஓடத் தொடங்கும், திரும்ப அதே வெட்டு. சொப்ரானோ, அல்டோவுக்குப் பெண்களைவிடச் சிறு பிள்ளைகளின் குரலையே விரும்பினார். கடைசிப் பகுதி 150ஆம் சங்கீதம். எல்லாரும் அதை எக்காளம் ஊதி, கூரை பறக்க முடிப்பார்கள், புரூக்னர் 1892இல் அப்படித்தான் செய்தார், அதுவும் நல்லதுதான். ஸ்ட்ராவின்ஸ்கி இடையில் ஆரவாரம் செய்துவிட்டு முடிவில் வேகத்தையெல்லாம் இறக்கி, டிம்பனியும் பியானோவும் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க, அதற்கு மேலே மெதுவான குரலில் 'துதியுங்கள்' என்று பாடவைக்கிறார். துதி என்றால் சவுண்டைக் கூட்டுவது என்று நினைக்கிற எங்கள் மிக்ஸர்காரத் தம்பிமார் அந்தக் கடைசிச் சில நிமிடங்களை ஒருக்காலாவது கேட்கவேண்டும்.

பேர்ன்ஸ்டைனின் சிச்செஸ்டர் சங்கீதங்களிலும் ஒரு குறை இருக்கிறது, குழல் வகை வாத்தியங்கள் ஒன்றும் இல்லை. ட்ரம்பெட், ட்ரொம்போன், இரண்டு ஹார்ப், தோற்கருவிகள், நரம்பு வாத்தியங்கள். அதுவும் கிடைக்காதவர்களுக்காக ஓகன், ஒரு ஹார்ப், தோற்கருவி என்று மூன்றோடே முடித்துவிடக்கூடிய சிறிய வடிவத்தையும் அவரே தந்துவிட்டார். இதைவிட என்ன அனுமதி வேண்டும்? எங்கள் பாடசாலைகளில் பாண்ட் வாத்தியக் குழு இருக்கிறது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் வெளியே வந்து மற்ற மாதமெல்லாம் அலுமாரிக்குள் கிடக்கிற ட்ரம்பெட்டுகள் இருக்கின்றன. கல்லடியில் விபுலானந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே வயலினும் மிருதங்கமும் முறையாகப் படித்த பிள்ளைகள் வருடா வருடம் வெளியே வருகிறார்கள். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கவ்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசித்த கைகளும் ஊரில் இன்னும் முற்றாக ஓயவில்லை.

தாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இது நானாகக் கேட்டுக் கண்டுபிடித்த சந்தோஷம். சிச்செஸ்டர் சங்கீதங்களின் முதற் பகுதி ஏழு எண்ணிக்கையில் போகிறது. மேல்நாட்டுக் கொயர்களுக்கு அதில் வேர்த்துக்கொட்டும். எங்கள் மிருதங்கக்காரப் பெடியன் ஒருவனுக்கு அதைப் போட்டுக்காட்டினேன், அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, மடியில் கையை வைத்து மிஸ்ர சாப்பு மாதிரித் தட்டிக்கொண்டே 'இதிலே என்ன கஷ்டம் அங்கிள்' என்று கேட்டான். மூன்றாம் பகுதி பத்து எண்ணிக்கை, ஐந்து ஐந்தாகப் பிரித்தால் அதுவும் எங்கள் ஆக்களுக்குப் பழகின வீடு. 'வெள்ளைக்காரப் பாட்டு' என்று எழுதினாரே, அந்த இடத்தில் எனக்கு இந்தப் பெடியன்தான் நினைவுக்கு வந்தான்.

அதே படைப்பின் நடுப் பகுதியை இங்கே கட்டாயம் சொல்லவேண்டும். ஒரு சிறுவன், ஹார்ப் துணையோடு, 23ஆம் சங்கீதத்தைப் பாடுகிறான், 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்.' பெண் குரல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. திடீரென்று ஆண்கள் 2ஆம் சங்கீதத்தோடு உள்ளே பாய்கிறார்கள், 'ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக் காரியத்தைச் சிந்திப்பானேன்' என்று, அடிதடி மாதிரி. கொஞ்ச நேரத்தில் மேலே அந்த மேய்ப்பன் பாட்டுத் திரும்ப வருகிறது, கீழே நடக்கிற சண்டையை அறியாத பிள்ளை மாதிரி, கீழே அது அடங்கவுமில்லை. கடைசியில் 133ஆம் சங்கீதம், சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவது எத்தனை நன்மை என்பது, வாத்தியம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல், மெதுவாக. மட்டக்களப்பில், அம்பாறையில் இருக்கிற ஒருவருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டுமா?

சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்தான். 2004 மார்கழி 26 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு என்று எங்களுக்கும் நினைவுநாள்கள் குறைவில்லை. அந்த நாள்களில் நாங்கள் என்ன பாடுகிறோம்? சந்தோஷப் பாட்டு மெட்டுக்குள் துக்க வரி. லிலி பூலான்ஜே என்ற பிரெஞ்சுப் பெண் முதலாம் உலக யுத்த காலத்தில், தீராத நோயோடு, 'ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்' என்ற 130ஆம் சங்கீதத்தைத் தகப்பனின் நினைவாக எழுதி 1917இல் முடித்தாள். அடுத்த வருடம் இறந்துபோனாள், வயது 24. அது அடியிலிருந்து, செல்லோவும் டபுள் பேஸும் கிடக்கிற இடத்திலிருந்து ஏறி வருகிறது, ஆறுதல் சொல்ல ஒரு அவசரமும் படவில்லை. பிராம்ஸின் ஜெர்மன் ரெக்குயெம் 1868இல் பெரிய வெள்ளியன்று ப்ரேமன் பேராலயத்தில் பாடப்பட்டது. அதன் முதற் பகுதியில் வயலின்கள் வாய் திறப்பதில்லை, வயோலாவும் செல்லோவும்தான் தாங்குகின்றன, அந்த மங்கலான சத்தத்துக்குள்தான் 126ஆம் சங்கீதத்தின் வசனம் வருகிறது, 'கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்.'

என்னுடைய யோசனை இந்த 126ஐப் பற்றியதுதான். பிராம்ஸைத் தமிழில் பாடச் சொல்லவில்லை, தயவுசெய்து வேண்டாம். ஜெர்மன் மெட்டுக்குள் தமிழைத் திணித்தால் குறில் எல்லாம் நெடிலாகிப் பாட்டு நொண்டும், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் அது போதுமான அளவு நடந்துவிட்டது. எங்கள் வேதாகம வசனம் உரைநடை, அதற்கு எங்களிடமே வழி இருக்கிறது. தாளமில்லாமல் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பாடுகிற விருத்தம் இருக்கிறது. ஈழத்துக் கத்தோலிக்கர் பெரிய வாரத்தில் பாடுகிற பசாம் இருக்கிறது. ஒருவர் வசனத்தின் முதற் பாதியை விருத்தமாக எடுக்கட்டும், குழாம் நாலு குரலில் இரண்டாம் பாதியைத் திருப்பிச் சொல்லட்டும். 126இல் ஆறே ஆறு வசனம். விதைப்பும் அரிக்கட்டும் பற்றிய பாட்டு, வயல் பார்த்து வளர்ந்த படுவான்கரைப் பிள்ளைக்கும் சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைக்கும் எவரும் பொருள் சொல்லத் தேவையில்லை. பெரும்போக அறுவடை நடக்கிற மாசி, பங்குனிதான் அநேகமாகத் தவக்காலமும். பாடுகிற காலம் தானாகவே பொருந்தி வருகிறது.

இசையை நிறுவகத்தில் படித்து வந்த இளம் ஆள் ஒருவர் எழுதட்டும், வெளியில் இருந்து ஆள் பிடிக்கவேண்டாம். மூன்று நாலு வயலின், மிருதங்கம், ஒரு பாடசாலை பாண்டிலிருந்து இரண்டு ட்ரம்பெட், ஆலயத்து ஓகன் அல்லது ஆர்மோனியம். கீபோர்ட்டும் வரட்டும், ஓகன் சத்தத்தில் மட்டும், ஸ்டைல் பட்டன் தொடாமல். ஒரு தரம் மரியாள் பேராலயத்தில், ஒரு தரம் மெதடிஸ்த ஆலயத்தில், பிறகு கல்முனைக்கே கொண்டுபோகலாம், கடிதம் எழுதியவர் முன்வாங்கில் இருந்து கேட்கட்டும். உயர்ந்த கூரை ஆலயத்தில் நாற்பது பேர் நின்று பாடினால் மைக் தேவையில்லை, மின்விசிறிகளைத்தான் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டி வரும். அதற்கு ஒரு சண்டை வரும், தெரியும்.

இதில் பெரிய தடை பணம் இல்லை, ஆண் குரல்தான். சொப்ரானோவுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், பேஸுக்கும் ஒரு நாலு அங்கிள்மாரைப் பிடித்துவிடலாம், ரெனருக்கு, அதுதான் ஆண்களின் உயர்ந்த குரலுக்கு, ஊர் முழுக்கத் தேடினாலும் ஆள் இல்லை, இருக்கிறவர்களும் எங்களைப் போல அறுபது தாண்டினவர்கள். ஆகவே குழாம் நடத்துகிறவர்கள் குரல் உடைந்து முடிந்த பதினேழு பதினெட்டு வயதுப் பெடியளை இப்போதே கேட்டு வைக்கவேண்டும். பயிற்சியை வியாழன், வெள்ளி என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், ரியூசன். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என்றால் பாடத்தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது வருவார்கள், மழைக் காலத்துக்கு முன்பே தொடங்கினால்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரெனர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.